வேலிப் பொட்டும் நெற்றிப் பொட்டும்

பெரிய குற்ற வழக்குகளில் வேலை செய்யும் பொலிஸ்காரரின் அனுபவம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் குற்றப் புலனாய்வில் இருந்து ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: படங்களில் பொலிஸ் அதிகாரி வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்ததுமே கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறார். உண்மையில் அந்த முதல் ஒரு மணித்தியாலம் எப்படி இருக்கும்?
(உயர்தர மாணவி, சுன்னாகம்)

பதில்: பிள்ளை, அந்த முதல் மணித்தியாலத்தில் பெரும்பாலும் நாங்கள் சனத்தை வெளியே நிற்பாட்டுகிற வேலைதான் செய்கிறோம். எங்களூரில் ஒரு வீட்டில் குழறல் சத்தம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் அயல் முழுக்க முற்றத்தில் நிற்கும். அந்தக் குணம் நல்லது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் இருபது சோடிச் செருப்பு நடந்த மண்ணில் இருபத்தோராவது செருப்பைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வலிகாமத்தில் ஒரு வீடு. விடிய ஐந்தரை மணி, இன்னும் வடிவாக வெளிக்கவில்லை. நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கிப் போகும்போது இறந்தவரின் தமக்கை விறாந்தையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆக்கள் வரப்போகினம் தம்பி, இதை இப்பிடியே விடேலுமே" என்றார். அவருக்கு அது செத்தவீடு, எங்களுக்கு சம்பவ இடம். அவரை ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றவேண்டாம் என்று மட்டும் கேட்டு வாங்கி, துணியையும் வாளியையும் அப்படியே பொதிசெய்து முத்திரை வைத்தோம். அப்புறம் கயிறு கட்டி, எல்லாரும் ஒரே வழியால் போய் ஒரே வழியால் வர ஒழுங்கு செய்து, சம்பவ இடப் புலனாய்வுக்காரர் வரும்வரைக்கும் யார் வந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தோம். நீதவான் வருவார், சட்ட வைத்திய அதிகாரி வருவார், படம் எடுப்பார்கள், அளப்பார்கள். யாருமே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யோசிப்பதில்லை. எழுதுகிறோம். அன்றைக்கு எழுதாமல் விட்டதை ஏழு வருடத்துக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் வைத்துக் கேட்பார்கள், அப்போது நினைவிலிருந்து சொல்ல வெளிக்கிட்டால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புச் சட்டத்தரணி உங்களைப் பிய்த்துவிடுவார்.

கேள்வி: அண்மையில் ஒரு முறைப்பாட்டுக்காகப் பொலிஸ் நிலையம் போனேன். நான் தமிழில் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். இதனால் ஏதும் பிரச்சினை வருமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்)

பதில்: சேர், வரலாம். இதற்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப்போகிறேன், என் சேவைக்காலத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இதுதான்.

போருக்குப் பிந்திய காலம். குடாநாட்டில் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். ஓர் இரவு ஒரு வீட்டில் கொள்ளையடிக்க வந்தவர்கள் அந்த வீட்டு ஐயாவைக் கொன்றுவிட்டுப் போய்விட்டார்கள். கண்டவர் அவருடைய மனைவி மட்டும்தான், எழுபது வயது தாண்டிய அம்மா. அன்றைக்கு நான் லீவில் நின்றேன், தமிழ் எழுதத் தெரிந்த வேறு ஆளும் இல்லை. ஓரளவு தமிழ் கதைக்கக்கூடிய ஒரு சார்ஜன்ட், நல்ல மனிதர், கஷ்டப்பட்டு வேலை செய்கிறவர், அவர்தான் வாக்குமூலம் எழுதினார். அந்த அம்மா சொன்னது, "பின்வேலிப் பொட்டுக்குள்ளால வந்தவன்" என்று. எங்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. கிடுகு வேலியில் நாயும் பிள்ளைகளும் புகுந்து போய்வருகிற அந்த ஓட்டை. சார்ஜன்டுக்குத் தெரிந்த பொட்டு, கோயிலுக்குப் போகிற பெண்பிள்ளைகள் நெற்றியில் வைக்கிற பொட்டு. ஆகவே, நெற்றியில் பொட்டு வைத்த ஒருவன் பின்வேலிப் பக்கமாக வந்தான் என்று சிங்களத்தில் எழுதினார். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் லீவு முடிந்து வந்து வழக்குக் கோவையைப் பார்த்தேன். அந்த வரியை வாசித்ததாகவும் நினைவிருக்கிறது. எனக்கும் அது தட்டுப்படவில்லை, சிங்களத்தில் வாசிக்கும்போது அதற்குள்ளே இருக்கிற எங்கள் ஊர்ச் சொல் கண்ணில் படாது.

வழக்கு விளக்கத்துக்கு, அதாவது மன்றில் விசாரணைக்கு, வர வருடங்கள் போய்விட்டன. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக எடுக்க முடியாது, ஆனால் சாட்சி மன்றில் சொல்வது அதற்கு முரணாக இருக்கிறது என்று காட்டுவதற்கு அதைப் பாவிக்கலாம். எதிரி தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். "அம்மா, வந்தவரின் நெற்றியில் பொட்டு இருந்தது என்று பொலிஸுக்குச் சொன்னீர்களா?" அம்மா, "நான் அப்பிடிச் சொல்லேல்லை ராசா." "அப்படியென்றால் இது உங்கள் கையெழுத்து இல்லையா?" "என்ரைதான்." "பொட்டு என்ற சொல்லைச் சொன்னீர்களா இல்லையா?" "சொன்னனான்..." அதோடு அந்தக் கிழவி சாட்சிக்கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்தார். எதிரி வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், வாழ்நாளில் பொட்டு வைக்காதவன். பிறகு அந்தச் சொல் என்னவென்று எல்லாருக்கும் விளங்கியது உண்மைதான், ஆனால் அதற்குள் அவர் குழம்பி, நேரத்தை மாற்றிச் சொல்லி, வெளிச்சம் எந்தப் பக்கம் எரிந்தது என்பதையும் மாற்றிச் சொல்லிவிட்டார். எதிரி விடுதலையானான். வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த அம்மா உடைந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

ஆகவே சேர், உங்களுக்கும் வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, அதைச் சண்டை பிடிக்காமல் மரியாதையாகக் கேட்கலாம், பெரும்பாலான இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், காத்திருங்கள். எழுதி முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால், நாளைக்கே திரும்பப் போய் மேலதிக வாக்குமூலம் ஒன்று தரவேண்டும் என்று சொல்லுங்கள். எழுதுவார்கள்.

கேள்வி: திருடன் என்று தெரிந்தபிறகும் ஏன் இவ்வளவு விசாரணை? இரண்டு அடி போட்டால் உண்மை வந்துவிடும்தானே?
(இளைஞர், உரும்பிராய்)

பதில்: தம்பி, அடி வாங்குகிறவன் அடி நிற்பதற்கு எது தேவையோ அதைத்தான் சொல்லுவான். நான் சேவையில் சேர்ந்த புதிதில் என் கண்ணால் பார்த்தேன். நகைக் களவு ஒன்றில் பிடிபட்ட பொடியன், மின்சார வேலைக்குப் போகிறவன், இரண்டாம் நாள் இரவு, நகையைத் துணியில் கட்டிக் கிணற்றுக்குள் போட்டேன் என்று சொன்னான். மெஷின் வைத்துக் காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை கிணறு இறைத்தோம். அடியில் ஒரு பழைய செம்பும் சேறும்தான் இருந்தது. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து அந்தப் பொடியன் நடுங்கிக்கொண்டே பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை என்று அவனுக்கு முதலே தெரியும். களவெடுத்தவன் வேறு ஆள், நாங்கள் கிணறு இறைத்த நாட்களில் அவன் நகையை விற்று முடித்துவிட்டான். அந்தப் பொடியனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கு என்றால் கேட்பேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. அடித்து எடுத்த ஒப்புதலைக் கொண்டுபோய் மன்றில் வைத்தால் அது வெறும் கடதாசி. (பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்தது, அதனால் எத்தனை பேரின் வாழ்க்கை போனது என்பது யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.) 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை செய்த உத்தியோகத்தருக்கு ஏழு முதல் பத்து வருடம்வரை சிறை.

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரில் 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருவர் கொல்லப்பட்டார்கள். பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் இரண்டாவது கொலையைச் செய்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். அலெக் ஜெஃப்ரிஸ் என்ற விஞ்ஞானி மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்தபோது, இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பொடியன் இல்லை என்று தெரிந்தது. குற்ற வழக்கில் மரபணுப் பரிசோதனை முதலில் செய்த வேலை, ஒரு நிரபராதியை வெளியே விட்டது. பிறகு ஐயாயிரம் பேர் அளவில் இரத்தமும் உமிழ்நீரும் எடுத்தார்கள். உண்மையான கொலைகாரன் தனக்குப் பதிலாக வேலைத்தலத்துச் சிநேகிதனை அனுப்பி இரத்தம் கொடுக்க வைத்திருந்தான், அந்தச் சிநேகிதன் மதுச்சாலையில் வாய்விட்டதை ஒரு பெண் கேட்டுச் சொன்னதால்தான் 1987இல் பிடிபட்டான். ஒப்புதலோடு கோவையை மூடியிருந்தால் அவன் வெளியிலேயே திரிந்திருப்பான் தம்பி.

கேள்வி: சில வழக்குகள் ஏன் வருடக்கணக்கில் இழுபடுகின்றன? கெட்டிக்கார அதிகாரிகள் இல்லையா?
(வாசகர், கொக்குவில்)

பதில்: கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். குருதி, உடை, மண் எல்லாம் கொழும்புக்கு அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்குப் போய் அறிக்கை வரவேண்டும், தொலைபேசி விபரம் வரவேண்டும், கோவை சட்டமா அதிபரிடம் போய்க் குற்றப்பத்திரம் வரவேண்டும். இடையில் அதிகாரிக்கு இடமாற்றம் வந்துவிடும். புதிதாக வருகிறவர் கோவையை முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்.

தகவல் குறைவதால் மட்டும் வழக்கு நிற்பதில்லை, கூடியும் நிற்கும். வட இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் என்பவனைப் பொலிஸார் அதற்குள் ஒன்பது தடவை விசாரித்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அட்டையில் எழுதி அடுக்கினார்கள், ஆனால் ஒரு அட்டையை இன்னோர் அட்டையோடு சேர்த்துப் பார்க்க ஆளும் வசதியும் இல்லை. போதாதற்கு 1979இல் ஒருவன் நான்தான் கொலைகாரன் என்று குரல் பதிவுசெய்து அனுப்ப, அந்தப் பேச்சு வழக்கு உள்ளவனையே எல்லாரும் தேடிக்கொண்டு போனார்கள். அது முழுப் பொய். கடைசியில் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் வழமையான ரோந்து போன ஒரு சார்ஜன்டும் கான்ஸ்டபிளும் பொய் இலக்கத் தகடு போட்ட காருக்காக அவனை மறித்தார்கள். சிறுநீர் கழிக்கவேண்டும் என்று அவன் கொஞ்சம் அப்பால் போய்வந்தது அந்தச் சார்ஜன்டின் மனதில் கிடந்திருக்கிறது. அடுத்த நாள் இரவு அவராகவே திரும்பிப் போய் அந்த இடத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தார். சுத்தியலும் கத்தியும் கிடந்தன. நான் இளம் உத்தியோகத்தர்களுக்கு வகுப்பு எடுத்தபோதெல்லாம் இந்தச் சார்ஜன்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. மனதில் ஒன்று உறுத்தினால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நீங்கள் நல்லவராக இருக்கலாம். ஆனால் நாங்கள் எதை நம்பிப் பொலிஸிடம் சாட்சி சொல்ல வருவது?
(புங்குடுதீவைச் சேர்ந்த வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதற்கு முழு நியாயம் இருக்கிறது. 2015 மே மாதம் கொல்லப்பட்ட உங்கள் ஊர் மாணவிக்கு நடந்ததை நான் திரும்ப எழுதவில்லை. மக்கள் பிடித்து வைத்திருந்த ஒரு சந்தேகநபர் தப்பிப் போக உதவியதற்காக, அந்தக் காலத்தில் உயர் பதவியில் இருந்த பொலிஸ் அதிகாரி ஒருவருக்கு 2025இல் வவுனியா மேல் நீதிமன்றம் நான்கு வருடச் சிறை விதித்தது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது முதலில் விபத்து என்றார்கள், பிரேத பரிசோதனையில் சூட்டுக் காயம் தெரிந்தபிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். இவை என் திணைக்களத்தில் நடந்தவை. அந்தச் சீருடையைப் போட்டவன் என்ற முறையில் எனக்கு வெட்கம்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே புங்குடுதீவு வழக்கைச் சி.ஐ.டி. எடுத்து, மூன்று நீதிபதிகள் யாழ்ப்பாணத்திலேயே இருந்து விளங்கி, 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தார்கள். அது நடந்தது சாட்சிகள் வந்தபடியால். அதே வருடம் யூலையில் நல்லூரில், அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவரின் மெய்ப்பாதுகாவலராகப் பல வருடம் நின்ற சிங்களச் சார்ஜன்ட் சூடுபட்டு இறந்தார், நீதிபதி அவருடைய மனைவியின் காலில் விழுந்து அழுதார். அந்தச் சார்ஜன்டும் போட்டிருந்தது இதே சீருடைதான். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும் அதற்குப் பதிலாக 2023இல் புதிய சட்டமும் வந்திருக்கின்றன. பயமுறுத்தல் வந்தால் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், உங்கள் சட்டத்தரணியிடமும் ஒன்று கொடுங்கள். நம்புங்கள் என்று நான் கேட்கமாட்டேன், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கேள்வி: செம்மணிப் புதைகுழியில் எடுக்கிற எலும்புகள் இத்தனை வருடத்துக்குப் பிறகு சாட்சி சொல்லுமா?
(ஒரு தாய், அரியாலை)

பதில்: அம்மா, சொல்லும். ஆணா பெண்ணா, என்ன வயது, எப்படிப் புதைத்தார்கள், காயம் இருந்ததா என்று எலும்பு சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து அதற்கு இலக்கம் போட்டு, முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு இடைவெளியும் இல்லாமல் எழுதி வைத்திருக்கவேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மன்றில் கேள்வி வரும்.

செம்மணி முதலில் வெளியே வந்தது ஒரு வழக்கில்தான். 1996இல் கொல்லப்பட்ட பாடசாலை மாணவியின் வழக்கில் 1998இல் மரணதண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மன்றில் சொன்னான். 1999இல் தோண்டியபோது பதினைந்து உடல்கள். அப்புறம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மௌனம். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் வேறு வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிவந்து, நீதவானின் மேற்பார்வையில் தோண்டத் தொடங்கி, அந்த வருடத்துக்குள் 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஓகஸ்டில், எடுத்த பொருட்களைச் சனம் பார்த்து அடையாளம் காட்ட வைத்தார்கள். புத்தகப்பை, பால் போத்தல், விளையாட்டுப் பொம்மை. விசாரணை அதிகாரிக்கு அவை இலக்கம் போட்ட சான்றுப் பொருட்கள். அவற்றுக்கு முன்னால் குனிந்து நின்று, இது என்ரை பிள்ளையின்ரையோ என்று பார்த்த தாய்மாருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு யாராவது காணாமல் போயிருந்தால், கடைசியாக உடுத்தியிருந்த உடுப்பு, பல் கட்டியிருந்ததா, எலும்பு முறிந்து மாறியதா, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் இன்றைக்கே எழுதி வையுங்கள். மரபணு ஒப்பிட நெருங்கிய இரத்த உறவு தேவை. வயதான தாய் தகப்பன் இருக்கும்போதே மாதிரி எடுத்து வைக்கவேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் குற்றப் பிரிவில் வேலை செய்கிறார். ஒரு பிள்ளையின் கொலை வழக்குக்குப் பிறகு வீட்டில் கதைப்பதில்லை, நித்திரையும் இல்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நானும் மனைவியும் சேர்ந்து வாசித்தோம். அவ சொன்னா, இது நான் எழுதின கடிதம் மாதிரிக் கிடக்குது என்று.

பிள்ளைகளின் வழக்குத்தான் ஆளை உருக்கும். உடலைப் பார்க்கும்போது ஒன்றும் செய்யாது, அந்த நேரம் கை தன்பாட்டில் வேலை செய்யும், அளக்கும், எழுதும். பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் சொந்தப் பிள்ளையின் செருப்பு கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதுதான் வந்து அடிக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்தச் செருப்பை நிமிர்த்தி வைக்க எனக்குக் கை வரவில்லை, ரோட்டில் போய் நின்றேன். மகள் அப்பா ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சட்கிளிஃப் வழக்கை நடத்திய ஜோர்ஜ் ஓல்ட்ஃபீல்ட் என்ற பெரிய அதிகாரிக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. கொலைகாரனைத் தன்னுடைய சொந்த எதிரியாக எடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். எனக்கு அது விளங்கும். பொலிஸ்காரர் இதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். நிலையத்தில் சொன்னால் பலவீனம் என்று நினைப்பார்கள், வீட்டில் சொன்னால் அந்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது மாதிரி இருக்கும். குடிக்கப் போவார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் குடியால் போனவர்கள் சூட்டால் போனவர்களைவிடக் கூட.

என் மனைவி என்ன செய்தா என்றால், செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தோய்ந்துவிட்டுத்தானே உள்ளே வருவோம், அதே மாதிரி, நான் சம்பவ இடத்துக்குப் போன நாட்களில் கிணற்றடியில் வாளியும் துவாயும் சாரமும் எடுத்து வைத்துவிடுவா. எத்தனை மணிக்கு வந்தாலும். ஒன்றும் கேட்கமாட்டா. நான் தோய்ந்துவிட்டு வர சோற்றைச் சூடாக்கித் தந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பா. சில இரவு நான் கதைப்பேன், பல இரவு கதைப்பதில்லை. நீங்களும் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், சாப்பிட்டாச்சோ என்று கேளுங்கள்.

ஆனால் அது மட்டும் போதாது. நித்திரை இல்லாமல் எத்தனை கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. துவக்கு அவருடைய பொறுப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அதை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருமாறு அவருடைய நிலையப் பொறுப்பதிகாரியிடம் (ஓ.ஐ.சி.) நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அவர் வைத்தியரிடம் வரமாட்டேன் என்றால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள். இந்த இதழின் அலுவலகத்தில் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரவு எந்த நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, எனக்கும் இரண்டு மணிக்குப் பிறகு நித்திரை வருவதில்லை.